பதினோராம் பாடத்தின் வால்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று மூன்று லிஃப்ட் பழுதுபார்க்கப் போனேன். இரண்டில் கதவு சென்சார் கோளாறு. மூன்றாவதில் ஒரு கோளாறும் இல்லை. குடியிருப்பவர் தப்பான மாடியை அமுக்கிவிட்டு, லிஃப்ட் தன் இஷ்டத்துக்குப் போகிறது என்று புகார் கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் அப்பாவோடு சிறுநீரக டாக்டரிடம். ரத்தத்தில் தேங்குகிற கழிவு, கிரியாட்டினின், போன தடவையைவிட ஏறியிருக்கிறது. "இப்படியே போனா டயாலிசிஸ் பத்திப் பேச வேண்டி வரும். உப்பைக் குறைங்க, பிரஷரும் குறையும். எதையும் அளவா சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

அளவா என்றால் எவ்வளவு?

"நாள் முழுக்கச் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குக் கீழே."

எந்த டீஸ்பூன் என்று கேட்டேன். எங்கள் வீட்டிலேயே மூன்று அளவு இருக்கிறது. அப்பா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

வெளியே வரும் வழியில் டயாலிசிஸ் அறை. கண்ணாடிச் சுவர், உள்ளே வரிசையாக மெஷின்கள். பம்ப் நல்ல பம்ப். நின்று பார்த்தேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஓய்வு பெறும்வரை பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், எதையும் உற்றுப் பார்க்காமல் விடுகிறவர் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

டாக்டரை நம்பிப் பயன் இல்லை. 'அளவா' என்பது ஒரு அளவு இல்லை. இணையத்தில் உயிர்வேதியியலும் உணவு அறிவியலும் சேர்த்து ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, எல்லாம் வீடியோ. சேர்ந்துவிட்டேன்.

பாடம் எடுப்பவர் நடுவயது அம்மா ஒருவர். பின்னால் வெள்ளைப் பலகை, பலகைக்கு மேலே அலமாரி, அலமாரியில் ஒரு பூனை. பூனை பாடத்தைக் கவனிப்பதில்லை. டீச்சரம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

முதல் ஐந்து பாடம் முடிந்தது. விஷயம் சரக்குள்ளது. பேச்சுதான் மெதுவு. ஒன்றே முக்கால் வேகத்தில் ஓடவிட்டால் சாதாரண மனுஷர் பேசுகிற மாதிரி இருக்கிறது.

ஒவ்வொரு பாடத்திலும் கடைசி மூன்று நிமிடம் ஒரே பல்லவி: "இப்ப இதை யார் யார் எச்சரிக்கையா எடுத்துக்கணும்னு பார்ப்போம்." கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள். மருந்துச் சீட்டின் பொடி எழுத்து மாதிரி. நான் கர்ப்பிணி இல்லை. வாலை நறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். இப்படி மிச்சமாகும் நேரத்தில் இன்னொரு பாடமே பார்த்துவிடலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பதினோராம் பாடம். இதுவரை பார்த்ததிலேயே இதுதான் பாடம்.

உடம்பின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு பம்ப் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஓய்வே கிடையாது. சர்வீஸும் கிடையாது. நாம் சாப்பிடுவதில் கணிசமான பங்கை அது ஒன்றே தின்கிறது. இதை வடிவமைத்தவரிடம் வேலைக்குச் சேர ஆசை.

இனி முக்கியமானது. சாதா உப்பு முழுக்க சோடியம் குளோரைடு. சோடியத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடையில் கிடைக்கிறது. ருசி ஏறக்குறைய அதே. ரத்த அழுத்தம் குறைகிறது என்று ஆராய்ச்சி சொல்கிறது.

இதை ஏன் அந்த டாக்டர் சொல்லவில்லை? படித்தாரா இல்லையா?

வால் வருவதற்குள் சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பழைய உப்பு ஜாடியைக் கழுவி, புது உப்பைக் கொட்டினேன். அப்பா அம்மா இருவரையும் உட்காரவைத்து விளக்கினேன். பம்ப் படமும் வரைந்து காட்டினேன்.

அம்மா ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "நாக்கு நுனியில பேட்டரி வச்ச மாதிரி இருக்கு."

"பழகிடும்மா."

அப்பா படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேய், நான் என்ன லிஃப்டாடா? ஆயில் மாத்துற மாதிரி உப்பை மாத்துற."

லிஃப்டாக இருந்தால் சொன்னபடி கேட்டிருக்கும் என்றேன். அதோடு கூட்டம் முடிந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

எல்லாம் ஒழுங்காகப் போகிறது. வேலையிடத்திலிருந்து சின்னத் தராசு ஒன்று கொண்டுவந்து அப்பாவின் பருப்பு, முட்டை எல்லாம் நிறுத்துப் போடுகிறோம். ஃபிரிட்ஜ் கதவில் பராமரிப்பு அட்டவணை ஒட்டியாகிவிட்டது. காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதுகிறேன்.

ஆச்சரியம்: அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறார். அறிவியலைப் புரியவைத்தால் மனுஷர் திருந்துவார்.

ஒரே ஒரு வேடிக்கை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் என்னை எதற்காவது அனுப்புகிறார். "தண்ணி எடுத்துட்டு வா." "கேட் பூட்டியிருக்கா பாரு." வயதாகிவிட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பாவின் மூக்குக்கண்ணாடி ஒரு வாரமாக ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது. பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறார். கண்ணாடிக் கூடு மட்டும் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது.

ஏன்ப்பா?

"கூடு தொலைஞ்சிடும்டா."



மார்ச் 2, ஞாயிறு

பிரஷர் குறையவில்லை. மூன்று வாரம் ஆகிறது. குறைந்திருக்க வேண்டும். சொல்லப்போனால் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. அப்பாவின் கணுக்காலில் சாக்ஸின் தடம் வெகுநேரம் அழியாமல் இருந்ததையும் பார்த்தேன். சாக்ஸ் இறுக்கம். வேறு வாங்க வேண்டும்.

உப்பு சரி, அளவு சரி, உணவு சரி. மிச்சம் இருப்பது பிரஷர் மெஷின். கோளாறு அதில்தான்.

மார்ச் 4, செவ்வாய்

மெஷினைச் சோதிக்க வேலைக்கு எடுத்துப்போனேன். என்னோடு ஜோடியாக வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக்குக்கு எல்லோரும் வைத்த பேர் கிரீஸ். குதிரை மாதிரி இருப்பார். அவர் கையில் கட்டிப் பார்த்தேன். நூற்றி அறுபது காட்டியது. இன்னொரு முறை. நூற்றி ஐம்பத்தெட்டு.

"என்னடா, எவ்வளவு?"

"மெஷின் சரியில்ல அண்ணே."

"அதானே பார்த்தேன். எனக்கு எதுக்கு பிரஷர்?"

நிரூபணம் ஆகிவிட்டது. புது மெஷின் வாங்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் பகுதிக்கான தேர்வு. அறுபத்தெட்டு மதிப்பெண்.

அறுபத்தெட்டா? எனக்கா?

எந்தக் கேள்வி தப்பு என்று காட்டமாட்டார்களாம், பாடத்தைத் திரும்பப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமாம். சந்தேகமான கேள்வி எல்லாமே "யாருக்கு ஆகாது" என்கிற ரகம். அது பாடத்திலேயே இல்லை. டீச்சரம்மாவுக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் பாடங்களை மறுபடி ஓடவிட்டு ஆதாரம் சேர்க்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா உள்ளே. பக்கமெல்லாம் கிரீஸ் கறை, எழுத்து எனக்கே புரியுமா தெரியவில்லை.

காலையில் லிஃப்ட் கூண்டின் மேலே நின்று கயிற்றுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். ஆதாரத்துக்காகப் பதினோராம் பாடம் சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருந்தது. பாடம் முடிந்தது. வால் ஆரம்பித்தது. நிறுத்தலாம் என்றால் இரண்டு கையிலும் முழங்கை வரை கிரீஸ்.

அதனால் கேட்டேன். வேறு வழி இல்லாமல்தான் கேட்டேன்.

"சிறுநீரகம் பழுதானவங்க இந்த உப்பைத் தொடவே கூடாது. பொட்டாசியத்தை வெளியே அனுப்பறதே சிறுநீரகம்தான். அது செய்யாட்டி பொட்டாசியம் ரத்தத்துல தேங்கும். ரொம்ப ஏறினா இதயம் துடிக்கறதை நிறுத்திடும். முன்னாடி ஒரு அறிகுறியும் தெரியாமலே நடக்கலாம்."

பூனை என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியாது. படம் பையில் இருந்தது.

ஒரு மாசம். ஒரு மாசமா வேளா வேளைக்கு நானே நின்னு — ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான். அவர் சிறுநீரகத்துக்காகத்தானே இதெல்லாம் ஆரம்பிச்சேன்? மூணு நிமிஷம். மூணு நிமிஷம் உட்கார முடியலையா எனக்கு?

கிரீஸ் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குடா என்ன ஆச்சு?" என்றார். சொன்னேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "கையைத் துடைக்காத, ஓடு" என்றார். ஓடினேன். வழியெல்லாம் அப்பாவுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரையெல்லாம் கிரீஸ். திரும்பத் திரும்ப அடித்தேன்.

வீட்டுக்குப் போனால் மனுஷர் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "போனை சைலண்ட்ல போட்டிருந்தேன். நீ எதுக்குடா கறுப்பா இருக்க?"

இதோ கூப்பிடுகிறார்கள்.

அதே நாள், சாயங்காலம்

பொட்டாசியம் 4.7. எல்லைக்குள்.

சாத்தியமே இல்லை. பரிசோதனைக்கூடத்தின் கருவி கோளாறு. நாளை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். உப்பை மொத்தமாகக் குப்பையில் கொட்டிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

இரண்டாவது பரிசோதனைக்கூடம்: 4.6.

இரண்டு கருவியும் ஒரே மாதிரி பொய் சொல்லாது. அப்படியானால் கோளாறு எங்கே? ஒரு மாதம் அந்த உப்பைத் தின்ற, பழுதான சிறுநீரகம் உள்ள ஒருவருக்கு 4.6 எப்படி வரும்?

இரண்டு பேரையும் உட்காரவைத்தேன். என்ன நடந்திருக்கலாம் என்று முழுதாகச் சொன்னேன். இதயம் நின்றிருக்கும் என்பதையும் சொன்னேன். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. "ரிப்போர்ட்டை நம்ப முடியாதுப்பா, இப்பவே ஆஸ்பத்திரியில சேர்ந்துடலாம், கிளம்புங்க" என்றேன்.

ஆஸ்பத்திரி என்றதும் அப்பா நெளிந்தார். மின்விசிறியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"டேய், அழாதே. உன் உப்பு என் வாயிலேயே படலைடா."

சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணி. துணிக்குள் உப்பு. சாதா உப்பு.

முதலில் பேசியது அம்மாதான். "அடப் பாவி மனுஷா! உங்களுக்குத் தனியா எடுத்து வைக்கறதுல உப்பே போடாதேன்னு முதல் நாளே சொன்னீங்களே! திருந்திட்டாருன்னு நான் பூரிச்சுப் போயிருந்தேனே!"

"நீ பூரிச்சதை நான் ஏன் கெடுக்கணும்?"

"இவன்கிட்ட சொல்லாதே, அட்டவணை கலைஞ்சா வருத்தப்படுவான்னு வேற சொன்னீங்க. எத்தனை பேரை டிக்கெட் இல்லைன்னு இறக்கி விட்டிருப்பீங்க? இப்ப நீங்களே ஓசிப் பயணமா?"

"எங்க ஒளிச்சா யாரும் பார்க்க மாட்டாங்கன்னு அவங்கதானே எனக்குக் கத்துக்குடுத்தாங்க" என்றார் அப்பா. அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஆக, அந்த உப்பை ஒரு மாதமாகச் சாப்பிட்டது நானும் அம்மாவும். எங்கள் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, எங்களுக்கு அதனால் கெடுதி இல்லை. வீட்டில் யாருக்கு அது விஷமோ அவர் மட்டும் தொடவில்லை. என் பேச்சைக் கேட்கப் பிடிக்காததால் பிழைத்திருக்கிறார்.

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. அதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

மார்ச் 13, வியாழன்

பிரஷர் மெஷினில் கோளாறு இல்லை என்பது இன்று காலை பல் விளக்கும்போது புரிந்தது. சாதா உப்பை இஷ்டத்துக்குத் தூவிக்கொண்டிருந்தால் பிரஷர் ஏறத்தான் செய்யும். காலும் வீங்கும். சாக்ஸும் குற்றமற்றது.

அப்படியென்றால் கிரீஸ் அண்ணனுக்குக் காட்டிய நூற்றி அறுபது?

வேலைக்குப் போய், "அண்ணே, உடனே டாக்டரைப் பாருங்க" என்றேன். பத்து நாள் கழித்து ஏன் சொல்கிறாய் என்று கேட்டார். காரணம் சொன்னேன். திருகுச்சாவியைக் கீழே வைத்துவிட்டுத்தான் திட்டினார். பாதுகாப்பு விதி.

மார்ச் 15, சனி

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. மூன்று நிமிட வால் உட்பட.

பேனாவை மூடி வைத்தார். "படிச்சது தப்பில்ல. பாதி படிச்சதைப் பக்கத்துல இருக்கறவர் மேல போட்டுப் பார்த்தீங்க பாருங்க, அதுதான் தப்பு." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க சிரிக்காதீங்க. உங்க கால் வீங்கினது உங்க உப்பாலதான். கிரியாட்டினின் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கு. ஏழு வாரத்துல மறுபடி பார்ப்போம். அப்பவும் ஏறியிருந்தா, கையில ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணி டயாலிசிஸுக்கு ரத்தக்குழாயைத் தயார் பண்ணி வைக்கணும்."

பஸ்ஸில் திரும்பினோம். அப்பா இடது கையின் உட்பக்கத்தை வலது கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். பரிசோதகர் ஏறி டிக்கெட் கேட்டார். அப்பா அதைக்கூடக் கவனிக்கவில்லை. நான் இரண்டையும் எடுத்துக் காட்டினேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஃபிரிட்ஜிலிருந்து அட்டவணையைக் கிழித்தேன். தராசைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கூட்டைக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரை வந்தது.

"கூட்டைக் கேக்காதே" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "அது என்னுது."

சரி என்றேன்.

மார்ச் 20, வியாழன்

தேர்வு பற்றி டீச்சரம்மாவுக்கு எழுதவிருந்த கடிதத்தைக் கைவிட்டேன். கேள்விகள் எல்லாம் சரியானவை. முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பாடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார்.

"இந்தம்மா என்ன, ரயிலைப் பிடிக்க ஓடுறாங்களா?"

வேகத்தைக் குறைத்தேன். உட்கார்ந்துவிட்டார். ஒரு பாடம் முழுக்க அசையவில்லை. பூனைக்கு என்ன பேர் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "இத்தனை நாள் பார்க்கறே, அது தெரியாதா?"

மார்ச் 30, ஞாயிறு

பதினோராம் பாடம். சாதாரண வேகத்தில், அப்பாவோடு.

பம்ப் வந்தது. நான் நிறுத்தி விளக்கப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார்.

"இரு. மூணு பேரை இறக்கிவிட்டு ரெண்டு பேரை ஏத்துறான். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் இதே கதை. நஷ்டத்துல ஓடுற வண்டிடா இது."

"அதனாலதான்ப்பா அவ்வளவு எரிபொருள்."

"உள்ளே இருக்கறவன் வெளியே வரணும்னா இவன் கதவைத் திறக்கணும். கடைசியில ஊரைவிட்டு அனுப்பற வேலை சிறுநீரகத்துது. அங்க ஆள் இல்லைன்னா பஸ் நிலையத்துலயே கூட்டம் தேங்கும்."

டிப்ளமோ படித்த நான் வரைந்த படம் இவ்வளவு தெளிவாக இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

வால் வந்தது. கை தன்னால் திரைக்குப் போனது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்று நிமிடமும் விடவில்லை. டீச்சரம்மா "சிறுநீரகம் பழுதானவங்க" என்று சொன்ன இடத்தில், "என்னைத்தான் சொல்றாங்க" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மா எல்லோருக்குமே உப்பைக் குறைத்துவிட்டாள், சாதா உப்புதான். முதல் இரண்டு நாள் அட்டையைத் தின்கிற மாதிரி இருந்தது. எலுமிச்சையும் மிளகும் கூடியிருக்கின்றன. அளவு என்ன என்று கேட்டேன். "வாயில வச்சா தெரியும், போ" என்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, பெரிய ஸ்பூனை எடுத்து நீட்டினாள். "இதுல முக்கால். மூணு பேருக்கும் நாள் முழுக்க. போதுமா?"

போதும்.

அப்பா தட்டில் தூவுகிறாரா? தெரியவில்லை. கூடு பையில்தான் இருக்கிறது. சாப்பிடும் நேரத்தில் நானே எழுந்து தண்ணீர் எடுக்கப் போகிறேன். திரும்பி வர நேரம் எடுத்துக்கொள்கிறேன். பிடிக்கக் கூடாது என்று இல்லை. பிடித்தால் மறுபடி ஒளிப்பார்.

இது வேலையில் நான் செய்கிற காரியமே இல்லை. கோளாறு இருக்கும் என்று தெரிந்தும் மூடியைத் திறந்து பார்க்காமல் வருகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

கிரீஸ் பிரஷர் மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். நூற்றி முப்பத்திரண்டு. என் மெஷினிலேயே பார்த்தார். "இது நல்ல மெஷின்டா" என்றார், வேறெங்கோ பார்த்தபடி.

ஏப்ரல் 22, செவ்வாய்

அப்பாவின் கணுக்காலில் சாக்ஸ் தடம் இல்லை. சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் சோதித்தது தெரிந்துவிடும்.

மே 3, சனி

இரவெல்லாம் அப்பா புரண்டுகொண்டிருந்தார் என்று அம்மா சொன்னாள். காலையில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். இந்த வெயிலில்.

டாக்டர் திரையை நீண்ட நேரம் பார்த்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. எந்த டீஸ்பூன் என்றுகூட.

"ஏறலை" என்றார். "கொஞ்சம் இறங்கியிருக்கு. முழுசா சரியாகாது, அது உங்களுக்கே தெரியும். ஆனா கையைப் பத்தி இப்ப பேச வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வாங்க."

அப்பா நன்றி சொல்லவில்லை. "பிரிண்ட் எடுத்துக் குடுங்க, நானே படிச்சுப் பார்க்கணும்" என்றார். இன்னும் பரிசோதகர்தான்.

வெளியே வந்து, டயாலிசிஸ் அறையின் கண்ணாடிச் சுவருக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். இந்தத் தடவை உள்ளே பார்த்தார். பிறகு சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார். ரிப்போர்ட்டை விரித்து, கையை நீட்டிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சரிப்படவில்லை.

பைக்குள் கையை விட்டுக் கூட்டை எடுத்தார். நான் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

"உக்காருடா" என்றார்.

திறந்தார். உள்ளே மூக்குக்கண்ணாடி இருந்தது.